கம்பு வரைக்கும்

ஆரம்பத்தில் அந்தக் கருவி அலறியபோது நண்டுக் கொட்டகையில் இருந்த எல்லாப் பெண்களும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்கள். சுல்மாவை நடுவில் விட்டுக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். ஒருத்தி கொதிக்கிற பானையின் மூடியைக் கையில் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நின்றாள். அது கோடைக்கு முன்னால். இப்போது இறால் பருவம் பாதி கழிந்துவிட்டது, கருவி அலறினால் யாரும் தலை நிமிர்வதில்லை. நண்டின் காலை முறித்து, ஓட்டைப் பிளந்து, வெள்ளைச் சதையைக் கத்தி நுனியால் வழித்துக் கிண்ணத்தில் போட்டபடியே யாராவது சொல்வார்கள்.

"உன் சில்வண்டு கத்துது, சுல்மா. எடுத்துப் பேசித் தொலை. காது அடைக்குது."

சுல்மா ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருக்கும் அந்தக் கறுப்புக் கருவியை எடுப்பாள். பழைய செல்போன் அளவுதான் இருக்கும். தலைநகர் மோன்தெவிதேயோவில் ஏதோ ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும் பெண் பேசுவாள். அவர் எல்லைப் பக்கம் வருகிறார் அம்மா, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், பக்கத்தில் ஆள் இருக்கிறார்களா, உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள் என்பாள். சுல்மா கொட்டகைக்குப் பின்னால் ஐஸ் வைக்கிற சின்ன அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். குளிரில் நின்றுகொண்டிருப்பாள். கொஞ்ச நேரம் கழித்து அதே குரல், திரும்பிப் போய்விட்டார், இனி வெளியே வரலாம் என்று சொல்லும். திரும்பி வந்து உட்காரும்போது அவள் பங்கு நண்டு அப்படியே கிடக்கும். பக்கத்தில் இருப்பவள் தன் கிண்ணத்தை நிரப்பி முடித்திருப்பாள்.

இன்னொரு கருவி அவள் புருஷன் எல்பியோவின் இடது கணுக்காலில் பூட்டியிருந்தது. இரண்டும் ஒன்றையொன்று நெருங்கினால் தலைநகரில் தெரியும். அரை கிலோமீட்டருக்குள் அவன் வந்தால் குற்றம், போலீஸ் போய் அள்ளிக்கொண்டு போகும். அதற்கு வெளியே இன்னொரு வட்டம் இருந்தது. அந்த வட்டத்தில் கால் வைத்தால் குற்றமில்லை, எச்சரிக்கை மட்டும்தான். சுல்மாவின் கருவி அலறும், அவ்வளவுதான்.

ஊருக்குப் பெயர் ஹுன்கால். கடலுக்கும் காயலுக்கும் நடுவில் கிடக்கும் மணல்திட்டில் ஒரே ஒரு வண்டித்தடம், அதன் இரு பக்கமும் தகர வீடுகள். சுல்மா தங்கியிருந்த அக்கா இர்மாவின் வீடு தார் ரோட்டுப் பக்கம். எல்பியோவின் வீடு காயலின் மறுகரையில், நாணல் காட்டை ஒட்டி. அதுதான் இருபது வருஷமாகச் சுல்மாவின் வீடாகவும் இருந்தது. வசந்த காலத்தில் அந்த வீட்டுச் சமையலறைக் கதவின் சந்தில் அவளுடைய வலது கையை வைத்து எல்பியோ கதவைச் சாத்தினான். சாராயம் குடித்திருக்கவில்லை. கோபமாகக்கூட இல்லை. இரண்டு விரல்கள் போயின. அவள் நண்டுப் பானை விழுந்துவிட்டது என்றுதான் சிகிச்சை மையத்தில் சொன்னாள். அங்கே புதிதாக வந்திருந்த டாக்டர் பெண் அவள் முதுகைத் திருப்பிப் பார்த்தாள், பழைய தழும்புகளைப் பார்த்தாள், நேராகப் போய் டெலிபோனை எடுத்தாள். அப்படித்தான் கோர்ட்டு, அப்படித்தான் இந்தப் பூட்டு.

ஊருக்கு எல்பியோவைப் பிடிக்கும். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அடுத்தவன் வலை கிழிந்தால் கேட்காமலே உட்கார்ந்து பின்னிக் கொடுப்பான். தென்கிழக்குக் காற்று அடித்துக் காயல் புரண்ட வருஷம், படகு கவிழ்ந்த இரண்டு பேரை முடியைப் பிடித்து இழுத்துக் கரையேற்றியவன் அவன்தான். ஒருவனைப் பார்த்தால் அவனுக்கென்று ஒரு கேலி வைத்திருப்பான். காலில் பூட்டு விழுந்த முதல் வாரம் கால்சட்டையைத் தூக்கிக் காட்டி, "பாருங்கடா, மணி கட்டிவிட்ட மாடு நான். தொலைஞ்சா கவர்மென்டே தேடிக் குடுக்கும்" என்று சொன்னானாம். ஊரே சிரித்தது. இர்மாவின் புருஷன் தார்தோ அதை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தான். பிறகு சுல்மா அங்கே இருப்பதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

தார்தோவும் எல்பியோவும் ஒரே படகு. படகு எல்பியோவுடையது, மோட்டார் தார்தோவுடையது. காயலின் வாயை அடைத்த மணலை வெட்டிப் பொழி திறந்ததும் கடல் உள்ளே ஏறி, குஞ்சு இறால் காயலில் வளர்ந்து, கோடைக் கடைசியில் நிலா இல்லாத இரவுகளில் விளக்கு வைத்துப் பிடிக்கிற மூன்று மாதம்தான் அந்த ஊரின் வருஷச் சாப்பாடு. நல்ல இறால் கிடைக்கிற இடம் ரோட்டுப் பக்கத்துக் கரையோரம். அங்கேதான் எல்பியோ போகக் கூடாது.

நடுக்காயலில் ஒரு பழைய வலைக்கம்பு நட்டிருந்தது. யார் நட்டது என்று தெரியாது, நீர்க்காகம் உட்கார்ந்து உட்கார்ந்து வெள்ளையடித்தாற்போல் இருக்கும். அந்தக் கம்பைத் தாண்டினால் குற்றம். அவன் கரையிலிருந்து வந்தால் கம்புக்குக் கொஞ்சதூரம் முன்னாலேயே எச்சரிக்கை வட்டம் தொடங்கிவிடும். எல்பியோ ஒரு தடவைதான் தெரியாமல் அங்கே வந்தான். தலைநகரிலிருந்து அவனுக்கும் போன் போயிற்று, திரும்பிப் போ என்று. அன்று கரையில் பெண்கள் ஓடியதையும் கொட்டகைக் கதவு சாத்தியதையும் அவன் படகிலிருந்தே பார்த்தான்.

அதற்குப் பிறகு தினமும் வந்தான். காலையில் சுல்மா கொட்டகைக்கு வந்து உட்கார்ந்த உடனே ஒரு தடவை. மத்தியானம் அவள் ரொட்டியைப் பிய்த்து வாயில் வைக்கிற நேரத்தில் ஒரு தடவை. கம்பு வரைக்கும் துடுப்புப் போட்டு வந்து, படகை நிறுத்தி, சிகரெட் பற்றவைப்பான். போன் அடித்தால் மரியாதையாக, சரிங்க, வலை பார்க்க வந்தேன், இதோ போறேன் என்பான். திரும்பிவிடுவான். கம்பைத் தாண்டியதே இல்லை.

இது சுல்மாவுக்குப் புரிவதற்குச் சில வாரங்கள் ஆயின. புரிந்தபோது முதலில் இர்மாவிடம் சொன்னாள். இர்மா மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள். மழை பெய்கிற நாள், அந்த ஊரில் மழை பெய்தால் வீட்டுக்கு வீடு வட்ட ரொட்டியைக் கொழுப்பில் பொரிப்பார்கள்.

"அவன் வேணும்னு பண்றான், அக்கா. என்னை அங்கருந்தே ஆட்டி வைக்கிறான்."

"மீன் பிடிக்கிறவன் காயல்ல இல்லாம எங்கட்டி இருப்பான்?"

"வலையே போடல. வந்து நிக்கறான், போறான்."

இர்மா மாவை வட்டமாகத் தட்டி நடுவில் விரலால் ஓட்டை போட்டாள். காய்ந்த கொழுப்பில் விட்டாள். தங்கை சொல்வதை நம்பாமல் இல்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. நம்பினால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும், அதுதான் அவளுக்குப் பயம்.

"நின்னா நின்னுட்டுப் போறான். தொட்டானா? இல்லல்ல. முன்ன எப்படி இருந்த, இப்ப எப்படி இருக்க. அதப் பாரு."

முன்னே அடிபடும்போது ஒரு கணக்கு இருந்தது என்று சுல்மா சொல்ல நினைத்தாள். அவன் படகை இழுத்துக் கட்டுகிற சத்தத்திலேயே அன்றைக்கு என்ன நடக்கும் என்று தெரிந்துவிடும். அடித்து முடித்தால் முடிந்தது, தூங்கலாம். இப்போது முடிவதே இல்லை. ஆனால் இதை வாய்விட்டுச் சொன்னால் பழையதே தேவலை என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். சூடான ரொட்டியில் சர்க்கரை தூவித் தட்டில் அடுக்கினாள்.

தார்தோ நனைந்துபோய் உள்ளே வந்தான். மாத்தே டீயை உறிஞ்சினான். பிறகு பேசினான். கெட்டவன் இல்லை அவன், பேசுவதற்குக் கூச்சப்பட்டான்.

"சுல்மா, தப்பா நினைக்காத. பூட்டு அவன் கால்லதான் இருக்கு. ஆனா கட்டிப் போட்டது என்னைத்தான். ஊரே இந்தக் கரையில இறால் வாரிக்கிட்டு இருக்கு, நாங்க அந்தச் சேத்துல கிடந்து வெறும் சிப்பி ஓட்டைத்தான் அள்ளுறோம்."

"நான் என்ன செய்யட்டும் மச்சான்?"

"அது எனக்கு எப்படித் தெரியும். சொல்லணும்னு தோணுச்சு, சொன்னேன்."

ஊரில் ஒரே ஒரு போலீஸ்காரர், ஒரு மோட்டார் சைக்கிள். முதலில் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் மணலில் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். பிறகு போன் செய்து கேட்டுக்கொண்டார். பிறகு அதையும் நிறுத்திவிட்டு, நிஜமாகவே வந்தால் கூப்பிடம்மா என்றார். தலைநகரத்துப் பெண்கள் மட்டும் கடைசி வரை சலித்துக்கொள்ளவில்லை. அவர்களில் ஒருத்தியின் குரல் சுல்மாவுக்குப் பழகிவிட்டது. பெயர் ஃபியோரெல்லா. பின்னால் மற்ற போன்கள் அடித்துக்கொண்டிருப்பது கேட்கும். ஒரு நாள் சுல்மா ஐஸ் அறைக்குள் நின்றுகொண்டு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண் முழுவதும் கேட்டாள்.

"எழுதி வைக்கிறேன் அம்மா. நீங்க சொன்னத அப்படியே எழுதுறேன். ஆனா அவர் தாண்டலியே. தாண்டினாத்தான் நாங்க ஆளை அனுப்ப முடியும்."

"தாண்ட மாட்டான்மா."

"தாண்டாம இருக்கறது நல்லதுதானே அம்மா," என்றாள் ஃபியோரெல்லா. அவளுக்குப் பின்னால் இன்னொரு போன் அடித்தது.

ஒரு நாள் சுல்மா ஐஸ் அறைக்குப் போகவில்லை. கருவி அலற, கத்தியைக் கையில் பிடித்தபடியே கொட்டகையை விட்டு வெளியே வந்து நேராகத் தண்ணீர்க் கரைக்குப் போனாள். காற்றில்லாத நாள். கறுப்புக் கழுத்து அன்னங்கள் தூரத்தில் மிதந்துகொண்டிருந்தன. கம்புக்குப் பக்கத்தில் படகு. எல்பியோ உட்கார்ந்திருந்தவன் அவளைப் பார்த்து எழுந்து நின்றான். முகம் தெரியாத தூரம். ஏப்ரன் பைக்குள் இருந்து ஃபியோரெல்லா, எங்கே இருக்கிறீர்கள், திறந்த வெளியில் நிற்காதீர்கள், தயவுசெய்து உள்ளே போங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். சுல்மா அசையவில்லை. தன்னால் நிற்க முடியும் என்று அவனுக்குக் காட்டிவிட்டால் போதும், நிறுத்திவிடுவான் என்று நினைத்தாள்.

அவன் தொப்பியைக் கழற்றி, அக்கம்பக்கத்தாரைப் பார்த்தால் அசைப்பதுபோல் மெல்ல அசைத்தான். கூப்பிட்டதும் வந்துவிட்டாள் என்பதுபோல இருந்தது அது. சுல்மா கத்தியைத் தாழ்த்தினாள். திரும்பி நடந்தாள். கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த முதலாளியம்மா பெர்லா வழிவிட்டாள். வேலை பார்ப்பதென்றால் பார், இல்லாவிட்டால் வீட்டில் இருந்து அவனைப் பார்த்துக்கொள் என்று அன்று சாயங்காலம் சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, நண்டு கெட்டுப்போகிறது என்றாள்.

கோர்ட்டுத் தேதிக்கு டவுனுக்குப் போனபோது இலையுதிர்காலம் வந்துவிட்டது. தடையை நீட்டிக்க வேண்டும் என்று சுல்மா கேட்டிருந்தாள். இலவச வக்கீல் தாழ்வாரத்திலேயே காகிதங்களைப் புரட்டிக்கொண்டு, எல்லை மீறல் ஒன்றுகூட இல்லை, அதுதான் சிக்கல் என்றார். நீதிபதி ஒரு பெண். சுல்மாவைவிட வயதில் சின்னவள். களைத்த முகம், ஆனால் அவசரப்படுத்தவில்லை.

"அவர் போன் பண்ணினாரா? ஆள் விட்டாரா? மிரட்டினாரா?"

"இல்லைங்க."

"எல்லையத் தாண்டினாரா?"

"இல்லைங்க. வந்து நிக்கறாரு."

"எங்க?"

"காயல்ல. கம்புப் பக்கத்துல."

"அவர் மீன் பிடிக்கிற காயல்தானே அது?"

சுல்மாவுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. ராத்திரி கருவியைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு அலறுமா அலறுமா என்று விழித்துக் கிடப்பது, அலறாத நாளில் அதைவிடப் பயப்படுவது, ரொட்டியைப் பிய்த்துவிட்டு வாயில் வைக்காமலே மடித்து வைப்பது. அறையின் அந்தப் பக்கம் எல்பியோ சலவைச் சட்டை போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்க்கவே இல்லை. பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், அவன் சொன்னபடி கேட்கிறவன்.

"ஆமாங்க," என்றாள்.

முழுமையாகக் கட்டுப்பட்டு நடந்திருக்கிறார், கருவிகள் குறைவு, காத்திருப்பவர்கள் அதிகம், அதனால் தடையை நீட்டிக்கவில்லை, விரல் போன வழக்கு அதன் வழியில் நடக்கும், ஏதாவது நடந்தால் உடனே வாருங்கள் என்று நீதிபதி சொன்னாள். "நடந்தால்" என்ற இடத்தில் அவள் குரல் தாழ்ந்தது.

தாழ்வாரத்து மேசையில் ஒரு ஆள் சுல்மாவின் கருவியை வாங்கி, நண்டு நாற்றத்துக்கு முகத்தைச் சுளித்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தான். அங்கேயே பெஞ்சில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். தாடையில் கட்டு, மடியில் கைக்குழந்தை. துடைத்த கருவியை அவன் அவளிடம் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்க உள்ளே போனான். அந்தப் பெண்ணால் பேச முடியவில்லை. கருவியைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சுல்மாவைப் பார்த்தாள்.

இது வேலை செய்யுமா என்று கேட்கிறாள் என்பது சுல்மாவுக்குப் புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தினம் சார்ஜ் போடணும், கண்ணு. ஈரம் படாம பைக்குள்ள வச்சுக்கோ. அந்தப் பக்கத்துலருந்து பேசுற பொண்ணுங்க நல்லவங்க. சொல்றபடி கேளு."

அந்தப் பெண் தலையசைத்தாள். சுல்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். 

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மகனுக்குப் போன் செய்தாள். மால்தோனாதோ நகரத்தில் கட்டட வேலை அவனுக்கு. வரவா என்று கேட்டாள். தகரக் கொட்டகையில் ஆறு ஆம்பளைகள் படுக்கிற இடம்மா, இங்கே எங்கே வருவாய் என்றான். அப்பா காலில் இருந்ததை எடுத்துவிட்டார்களா என்று விசாரித்தான். எடுத்துவிட்டார்கள் என்றாள். அப்பாடா என்றவன், உடனே அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று நினைத்தவன்போல, நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டான்.

மறுநாள் தார்தோவும் எல்பியோவும் ரோட்டுப் பக்கத்துக் கரையில் வலை போட்டார்கள். பருவத்தின் கடைசி இறால். விடியும்போது கூடை கூடையாக இறக்கினார்கள். சாயங்காலம் எல்பியோ இர்மாவின் வீட்டுக் கதவைத் தட்டினான். கையில் ஒரு பை நிறைய, பொறுக்கியெடுத்த பெரிய இறால். தார்தோ எழுந்துபோய்க் கதவைத் திறந்தான். சுல்மா அடுப்படியில் சுவரோடு ஒட்டி நின்றாள். எல்பியோ வாசலைத் தாண்டாமல் நின்றான்.

"வீட்டுக்கு வா, சுல்மா."

"வரல."

"சரி. நாளைக்கு வாரேன்."

கோபமே இல்லை. பையை இர்மாவிடம் கொடுத்தான், அவள் குழந்தைகளிடம் ஏதோ கேலி பேசினான், போனான். மறுநாள் வந்தான். அதற்கு மறுநாளும். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ தார்தோ அவனை உள்ளே வந்து உட்காரச் சொன்னான். எல்லோரும் ஒரே மேசையில் இறால் குழம்பு சாப்பிட்டார்கள். எல்பியோ அவளிடம் உப்பை நகர்த்தித் தரச் சொன்னான், அவள் நகர்த்தித் தந்தாள். நன்றி என்றான். போலீஸ்காரருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கொட்டகையில் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள், ஆள் திருந்திவிட்டான் என்று. பானை மூடியோடு வாசலில் நின்றவளும் அதைத்தான் சொன்னாள்.

மழை பிடித்த ஒரு மத்தியானம் சுல்மா கொட்டகையிலிருந்து திரும்பி வந்தாள். அவள் படுக்கிற மூலையில், துணிகளை இர்மா மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். தங்கையைப் பார்த்ததும் கை நின்றது. பிறகு மறுபடி மடித்தாள்.

"நான் போகச் சொல்லல," என்றாள் இர்மா. "துவைச்சு வச்சதை எடுத்து வைக்கறேன். அவ்வளவுதான்."

"அக்கா, அவன் என்னைக் கொன்னுடுவான்."

இர்மா ஒரு கம்பளிச் சட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். முன்னறையில் தார்தோ இருமினான். இர்மா வாயை மூடிக்கொண்டு, சட்டையின் கைகளை உள்பக்கமாக மடக்கி, மற்றவற்றின் மேல் வைத்தாள்.

அன்று சாயங்காலம் எல்பியோ வந்து சுல்மாவின் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டான். படகில் அவள் நனையாமலிருக்கத் தார்ப்பாயை எடுத்து மூடிவிட்டான். மறுகரை வரை அவனே துடுப்புப் போட்டான். வீடு கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. அடுப்பில் விறகு மூட்டியிருந்தான். அவளை நாற்காலியில் உட்கார வைத்து, மாத்தே ஊற்றி முதல் மடக்கை அவளுக்குத் தந்தான். எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இடது கால் பூட்ஸைக் கழற்றினான், காலுறையைக் கழற்றினான், காலைத் தூக்கி அவள் மடியில் வைத்தான்.

கணுக்காலைச் சுற்றி வளையம்போல் தோல் உரிந்து, உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டுப் புண்ணாகிச் சீழ் கோத்திருந்தது. எத்தனை மாதமாக அப்படி இருந்ததோ. யாரிடமும் அவன் காட்டியதாகத் தெரியவில்லை.

"நீ பண்ணினது," என்றான். குரலில் வருத்தம்தான் இருந்தது.

அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் ஆட்டுக் கொழுப்பை முன்பே உருக்கி வைத்திருந்தான். அதை அவள் கைக்கு எட்டும்படி நகர்த்திவிட்டுச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். வெளியே மழை காயலின் மேல் நின்று பெய்தது. சுல்மா கொழுப்பைத் தொட்டாள். அவனுக்கு வலித்துவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, புண்ணைச் சுற்றித் தடவ ஆரம்பித்தாள்.